நாற்பதாவது ஆள்

காலை ஆறு மணிக்கு மேலச்செங்குளத்து ஜனங்கள் எண்தூணுக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். இடுப்பு உயரத்துச் சாம்பல்நிறத் தூண் அது. அதன் தலையில் ஒவ்வொருவராக உள்ளங்கையைப் பதிக்க வேண்டும். காய்ச்சலில் கிடப்பவர்களைக் கட்டிலோடு தூக்கி வருவார்கள். கடைசிக் கை பதிந்ததும் திரையில் நாற்பது என்று பச்சையாக ஒளிரும். மண்ணுக்கடியில் குழாய் ஒருமுறை இருமும். பிறகு கடல்நீர் ஆலையிலிருந்து அன்றைய தண்ணீர் வந்து சேரும்.

செண்பகவல்லி ஊர் திரும்பிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. சென்னையில் ஒரு அடுக்ககத்தின் இருபத்தாறாவது மாடியில், கண்ணாடிப் பண்ணையில், அங்கேயே ஓர் அறையில் தங்கிப் பதினேழு வருஷம் கீரை வளர்த்தவள். போன மாதம் கோமதிநாயகம் அவளைப் போனில் அழைத்தான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவள் மனசில் இருந்தவன். அவள் ஊரைவிட்டுப் போன அன்று வழியனுப்பக்கூட வராதவன்.

"செண்பகம், இன்னும் தனியாத்தான இருக்க? நானும் அப்படித்தான். வந்திரு" என்றான்.

அவ்வளவுதான் பேசினான். மறுவாரமே அவள் பண்ணை வேலையை விட்டுவிட்டு வந்து இறங்கினாள்.

பூட்டிக் கிடந்த அவள் வீட்டுக்கு அவனே வெள்ளையடித்திருந்தான். ஊர்ச் சூரியத்தகடுகளைத் துடைத்துப் பராமரிப்பது அவன் வேலை. சாயங்காலம் வேலை முடிந்ததும் ஈரத் துணி தோளில் கிடக்க அப்படியே வருவான். இருவரும் வறண்ட கண்மாய்க்குள் இறங்கி நடப்பார்கள். சித்திரையில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று ஒருநாள் சொன்னான். முப்பத்தைந்து வயதில் இப்படி வெட்கம் வருமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒன்றுதான் உறுத்தியது. ஊரார் அவள் முகத்தைவிடக் கையைத்தான் பார்த்தார்கள். ஒருநாள் கால் பிசகி உட்கார்ந்தபோது நாலு வீட்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். பஸ் வரும் நேரத்தைப் பார்க்கப் பலகைப் பக்கம் போனால், நாயகத்தின் அம்மா உலகம்மாள் எங்கிருந்தோ வந்து பக்கத்தில் நின்றாள்.

பன்னிரண்டாம் நாள் செண்பகம் அயர்ந்து தூங்கிவிட்டாள். கதவை உடைப்பதுபோல் தட்டும் சத்தம் கேட்டது. தலையை வாரிக்கொள்ளாமல் ஓடினாள். தூணில் முப்பத்தொன்பது என்று சிவப்பாக எரிந்தது. மொத்த ஊரும் அவள் வரும் வழியையே பார்த்து நின்றது. அவள் கையைப் பதித்தாள். பச்சை வந்தது. யாரும் திட்டவில்லை. ஒரு பெண் அவள் கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். செண்பகம் கையை உருவிக்கொண்டாள்.

நேராக உலகம்மாள் வீட்டுக்குப் போனாள். ஊர்ப் பதிவேடு அவள் பொறுப்பில்தான் இருந்தது.

"அத்தை, ஒரு ஆளு கொறஞ்சா என்ன ஆகும்?"

"நாப்பது பேரு இருந்தாத்தான் ஊருன்னு சர்க்காரு சட்டம். அதுக்குக் கீழ போனா அன்னைக்குத் தண்ணி கெடையாது. தொடர்ந்து மூணு நாள் போச்சுன்னா குழாய ஒரேயடியா அடைச்சிருவாக. லாரி வரும். ஆளுக்கொரு முகாம்னு பிரிச்சிப் போட்டுருவாக. நீ வந்த வாரந்தான் ஒருத்தரு ஊர விட்டுப் போனாரு. ஒன்னாலதான் நாப்பது நிக்குது."

மூடிய ஊர்களைப் பற்றிச் சென்னையில் செய்தி கேட்டிருக்கிறாள். தன் ஊர் இப்படி விளிம்பில் நிற்பது தெரியாது. உலகம்மாள் எதையும் மறைக்கவில்லை. பதிவேட்டைத் திருப்பி அவள் முன் வைத்தாள். வெளியூரில் இருப்பவர்களின் பட்டியல். பாதிக்குக் கீழே ஒரு வரி: 'செண்பகவல்லி. சென்னை. தனி ஆள். நாயகம் பேசினால் வருவாள்.'

நாயகம் தகடு துடைத்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டான்.

"எழுதுனது அம்மா. ஆனா பேசுனது நான், செண்பகம். மனசாரத்தான் பேசுனேன்."

"பதினேழு வருஷமா ஏன் பேசல?"

"அப்ப ஆளு நெறைய இருந்தாக" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

"தண்ணிக்குத்தான கூப்பிட்ட."

"அதுக்காக எம் பிரியம் பொய்யாயிருமா? என்ன செஞ்சா நம்புவ?"

"இனி நீ என்ன செஞ்சாலும் எனக்கு வேண்டாம்."

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் தூணில் கை பதித்துவிட்டு, மதியப் பஸ்ஸுக்குப் பெட்டியோடு போய் நின்றாள். உலகம்மாள் வந்தாள். சண்டைக்கு வரவில்லை.

"போறவள மறிக்க மாட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் தூத்துக்குடியில இருந்து ஒருத்தர் வாராரு. ரெண்டு நாளத் தொட்டித் தண்ணிய வச்சு ஓட்டிருவோம். மூணாவது நாள் நாப்பது சரியாயிரும். நீ மனசக் கொழப்பிக்காத."

அதைக் கேட்டதும் செண்பகத்துக்கு மூச்சு வந்தது. ஓட்டுநர் இல்லாத அந்தத் தானோடிப் பஸ் வந்து நின்றது. ஏறி உட்கார்ந்தாள். கதவு மூடப்போகும் நேரத்தில் நாயகம் ஓடிவந்து ஏறினான். கையில் பை இல்லை, காலில் செருப்புகூட இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எறங்குலே!" உலகம்மாள் ஜன்னல் கண்ணாடியை அறைந்தாள். "அவரு வந்தாலும் முப்பத்தொம்பதுதாம்ல! எல்லாரையும் கொன்னுட்டுப் போறியா?"

அவன் திரும்பவே இல்லை. பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கெஞ்ச முன்னிருக்கையில் ஆள் இல்லை. வண்டி தன்பாட்டில் நகர்ந்தது. உலகம்மாள் கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்தாள்.

"இப்ப நம்புதியா?" என்றான் நாயகம்.

நம்பினாள். அதுதான் பயமாக இருந்தது. தலைக்கு மேலே சிவப்பு நிறுத்துபொத்தான் இருந்தது. அழுத்தினால் இறங்கி நடந்தே விடிவதற்குள் ஊர் சேர்ந்துவிடலாம். ஒரு நிறுத்தம் போயிற்று. இன்னொரு நிறுத்தமும் போயிற்று. அவன் அவள் கையைப் பிடித்திருந்தான். அவள் இன்னொரு கையைத் தூக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னையில் அவளுடைய பழைய அறையில், மூடிய ஊர்களின் பட்டியலில் மேலச்செங்குளத்தின் பெயர் வந்தது. ஒற்றை வரி. தூத்துக்குடிக்காரர் சொன்னபடி வந்து கை பதித்திருக்கிறார். கணக்கு முப்பத்தொன்பதில் நின்றுவிட்டது. கீழே முகாம்களின் பட்டியலும் இருந்தது. உலகம்மாளுக்கு ஓசூருக்கு அப்பால் ஒரு முகாம். செண்பகம் திரையை நாயகத்திடம் நீட்டினாள். அவன் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு திருப்பிக் கொடுத்தான்.

அம்மா எங்கே என்று கேட்பான் என அவள் காத்திருந்தாள். அன்று கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அவளுக்குப் பிடிக்கும் என்று காபி போட்டுக் கொடுத்தான். அவள் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டான். அவள் எந்த அறைக்குப் போனாலும் பின்னால் வந்தான். அவன் பிரியத்தில் இனி அவளுக்குச் சந்தேகம் வர வழியில்லை.

"செண்பகம், நீ மட்டும் இருந்தாப் போதும் எனக்கு" என்றான், ஜன்னலோரம் நின்ற அவள் பின்னால் வந்து, நிம்மதியாகச் சிரித்தபடி.

கீழே இருபத்தாறு மாடி ஆழத்தில் தெரு தெரிந்தது. செண்பகம் ஜன்னலை விட்டு விலகி வந்து உட்கார்ந்தாள்.