நீக்கலாமா?

மூன்றாவது டிஸ்க்கு கரகரத்து ஓய்ந்ததும் திரையில் வந்த பட்டியலின் கடைசி வரியில் கன்னியம்மாளின் பெயர் இருந்தது.

கமலவேணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உப்பளம் பகுதியில் இருந்த தணிகாசலத்தின் அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எழுத்துக் கோக்கும் அந்தப் புரோகிராமைப் புதுப்பிக்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெட்ராஸ் கம்பெனியிலிருந்து தபாலில் ஐந்து டிஸ்க்குகள் வரும். ஒவ்வொன்றாகப் போட வேண்டும். மெஷினே பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்துப் புதியதை எடுத்துக்கொள்ளும். பிறகு, எதற்கும் தேவைப்படாமல் கிடப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஆங்கிலத்தில் கேட்கும்: இதை எதுவும் நம்பியிருக்கவில்லை, நீக்கலாமா?

“எது கேட்டாலும் ‘ஒய்’ தட்டுங்க மேடம். டிஸ்க்கு ஓடுறப்ப நடுவுல மட்டும் நிறுத்திடாதீங்க, மொத்தமும் போயிடும்” என்று கம்பெனி ஆள் முதல் நாளே சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

ஏதோ பழைய கல்யாணப் பத்திரிகை ஃபைலாக இருக்கும் என்று அவள் ஒய் தட்டினாள். வழக்கம்போல நோட்டில் குறித்தாள். தேதி, டிஸ்க்கு எண், வந்தது, போனது. அவசர வேலை ஒன்று வந்துவிட்டதால் மீதி இரண்டு டிஸ்க்குகளை மறுநாளைக்கு வைத்துவிட்டாள்.

மறுநாள் அச்சக வாசற்படியில் கன்னியம்மாள் இல்லை. பூக்கூடை இருந்தது. நேற்றுக் கட்டிய முல்லை பழுத்து, மழைத் தண்ணீரில் ஊறி, புளித்த வாடை அடித்தது. பக்கத்தில் அவள் இடுப்பைவிட்டு இறங்காத சுருக்குப்பை அவிழாமல் கிடந்தது. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் அந்தக் கூடையைத் தாண்டிக் கால் வைத்தார்கள். ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை.

“கன்னியம்மா எங்க மொதலாளி?”

“எந்தக் கன்னியம்மா?” என்றார் தணிகாசலம்.

“வாசல்ல பூ விக்குமே.”

“நம்ம வாசல்லயா? யாரு கண்டா? எங்கூட்டுக்காரி எங்கிட்ட திட்டத்தான் வாய் தொறக்குறா, பூவா கேக்கப் போறா?” சிரித்துக்கொண்டே குடையை எடுத்தார். “நான் சாப்ட்டு வந்துடறேன். நீ அந்த டிஸ்க்க முடிச்சி வையி.”

கம்ப்யூட்டர் அறைக்கு ஜன்னல் கிடையாது. தூசி வரக்கூடாதென்று கதவுக்குக் கனத்த திரைச்சீலை போட்டிருந்ததால் பட்டப்பகலிலும் உள்ளே இருட்டுதான். ஏ.சி. முனகும் சத்தமும், கார்ப்பெட்டில் ஏறிய ஈர வாடையும், செருப்பில்லாத பாதத்தில் சில்லென்று ஏறும் தரையும், சுவரில் அவள் நிழலை வரைந்துகொண்டிருக்கும் திரையின் பச்சை வெளிச்சமும் அவளுக்குப் பழகிப்போனவை. இன்று அவை தனக்காகக் காத்திருந்ததுபோல இருந்தது. நான்காவது டிஸ்க்கு எதையும் கேட்காமல் முடிந்தது. குறிப்பதற்காக நோட்டைத் திறந்தவள், ‘போனது’ என்ற பத்தியை அன்றுதான் முதல்முறையாக வாசித்தாள்.

இரண்டு வருடத்துப் பெயர்கள். அவள் கையெழுத்து. நிறைய ஃபாண்டுகள். அவற்றுக்கு நடுவே, பாவாடை. கொளஞ்சி. அஞ்சலாட்சி.

பாவாடை என்றொருவர் பெரிய மார்க்கெட்டிலிருந்து தள்ளுவண்டியில் காகிதக் கட்டு கொண்டுவருவார். வருவதை எப்போது நிறுத்தினார்? அவள் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. வாசலில் ஒருநாள் தள்ளுவண்டி மட்டும் நின்றிருந்தது நினைவுக்கு வந்தது. அஞ்சலாட்சி யார்? முகம் வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை.

கடவுளே, நான் வாசிக்கக்கூட இல்லையே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

ஐந்தாவது டிஸ்க்கைப் போடாமல் இருந்திருக்கலாம். ஆனால் எழுந்து கதவருகே போவதற்குள் அது உள்ளே இருந்தது. போட்டது தன் கைதானா என்று அவளுக்குத் தெரியவில்லை. கரகரப்பு. வெளிச்சம் ஒருமுறை மங்கித் தெளிந்தது. ஒரே ஒரு பெயர்.

ஆதிமூலம்.

அவளுடைய அண்ணன். மில் வேலை போனபின் மூலக்குளத்தில் அவள் வீட்டில்தான் இருக்கிறார். பின்னறையில் உட்கார்ந்திருப்பார். வைத்ததைச் சாப்பிடுவார். கஷ்டப்படுத்தக் கூடாதென்று அவள் அவரிடம் ஒரு வேலையும் சொன்னதில்லை. அதைத்தான் அன்பு என்று நினைத்திருந்தாள்.

இதை எதுவும் நம்பியிருக்கவில்லை. நீக்கலாமா?

வேண்டாம் என்பதற்கான ‘என்’ எழுத்தைத் தட்டினாள். திரை யோசித்தது. பிறகு, இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டது.

எதற்குத் தேவை?

கீழே எண்கள் குறைய ஆரம்பித்தன. முந்நூறு. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

தன் பெயரை அடித்தாள். ஏற்கவில்லை. ‘அண்ணன்’ என்று அடித்தாள். ஏற்கவில்லை. முதலாளி மேஜைக்கு ஓடி, தன் வீட்டுத் தெருமுனையில் இருக்கும் தனம் கடைக்குப் போன் போட்டாள். அண்ணனைக் கூப்பிடச் சொன்னாள். காதில் மழை இரைச்சல். யாரோ சில்லறை எண்ணும் சத்தம். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

“பாப்பா? இன்னா ஆச்சி?”

“அண்ணே, எனக்குக் குடை வேணும். எடுத்துட்டு வரியா?”

“என்னையா கேக்குற?”

“உன்னத்தாண்ணே. நீ வந்தாத்தான் நான் வூட்டுக்கு வர முடியும்.”

“இரு, இரு, தோ கெளம்பிட்டேன். நனையாத. மத்தியானம் சாப்ட்டியா நீ?” அவர் குரலில் இத்தனை வருடம் காணாத சுறுசுறுப்பு.

ஓடி வந்து ‘குடை’ என்று அடித்தாள். ஒன்பதில் எண் நின்றது.

வைத்துக்கொள்ளப்படும்.

அவள் நாற்காலியில் சரிந்து அழுதாள். ஒரு குடை. இவ்வளவுதானா? ஒரு வாய் தண்ணீர் கொடு என்று கேட்டிருந்தால் பாவாடை இருந்திருப்பாரா? தினம் ஒரு முழம் வாங்கியிருந்தால் கன்னியம்மாள்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது திரை நிறையப் பெயர்கள்.

கீழிருந்து மேலே ஊர்ந்தன. சுப்பராயன். தையல்நாயகி. அரிகிருஷ்ணன். ஜெயம். எல்லாவற்றுக்கும் அதே கேள்வி. எண் இப்போது பத்திலிருந்தே தொடங்கியது. நிறுத்தும் சுவிட்சில் கை வைத்து எடுத்துவிட்டாள். மொத்தமும் போயிடும்.

‘என்’ தட்டினாள். எதற்குத் தேவை? அவளுக்கு யாரென்றே தெரியவில்லை. தையல்காரரா? டீச்சரா? ‘தண்ணீர்’ என்று அடித்தாள். ஏற்கவில்லை. ‘பூ’. ஏற்கவில்லை. ஒன்று. பூஜ்யம். பெயர் போனது.

திரைச்சீலைக்கு அப்பால், தெருவில், ஏதோ சாய்ந்து விழுந்தது.

அடுத்த பெயர். ‘என்’. பூஜ்யம். மறுபடியும் அதே சத்தம்.

கத்தல் இல்லை. கூட்டம் கூடவில்லை. விழும் சத்தம் மட்டும். ஒன்று. சற்றுத் தள்ளி இன்னொன்று.

அரை மணி நேரம் போயிருக்கும், திரைச்சீலை விலகியது. ஆதிமூலம் நின்றார். தொப்பலாக நனைந்திருந்தார். விரிக்காத குடையை மார்போடு அணைத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“வந்துட்டேன் பாப்பா.” திரும்பி வாசலைப் பார்த்தார். “ஆமா, இந்த மழையில சைக்கிள எல்லாம் நடு ரோட்டுல போட்டுட்டு எங்க போய்ட்டாங்க?”

அவர் தோளுக்கு மேலே தெரு தெரிந்தது. கடற்கரைப் பக்கம் வரைக்கும், ஈரத் தார்ரோட்டில், சைக்கிள்கள். மிதிப்பவர் இல்லாத ஒன்று இன்னும் நேராக வந்துகொண்டிருந்தது. மெல்லத் தள்ளாடி, அச்சகத்து வாசலில் சாய்ந்தது. அதன் சக்கரம் மழையில் சுற்றிக்கொண்டே இருந்தது.