மேடைக்கு அடியில் ஒரு மைக்

பகல் மூன்று மணிக்கு அரங்கத்தின் பின்கதவைத் திறந்துகொண்டு ஒலிக்காரன் உள்ளே போனான். நாற்காலிகள் அத்தனையும் காலி. பழைய வியர்வையும் ரப்பர் விரிப்பும் கலந்த வாடை மட்டும் இருட்டில் குந்தியிருந்தது. நடுவில் மல்யுத்த மேடை. கரடி என்று பேர் வாங்கிய வீரன் அதில் விழுந்து ஆறு வாரம் ஆகிறது.

அவன் வேலையைச் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. அந்தக் கம்பெனி நடத்துவது சண்டை மாதிரி ஒரு கூத்து. யார் ஜெயிப்பது என்று மத்தியானமே பேசி முடித்துவிடுவார்கள். கட்டிப் புரளும்போது அடுத்த அடி என்ன என்று வீரர்கள் காதோடு காதாகச் சொல்லிக்கொள்வார்கள். பலகைக்கு அடியில் இருக்கும் மைக், 'தொம்' என்று விழும் சத்தத்தோடு அந்தக் குசுகுசுப்பையும் பிடித்துவிடும். டிவி பார்ப்பவர்களுக்கு அது கேட்கலாமா? கேட்டால் குட்டு உடைந்துபோகும். உடனே மைக்கைக் குறைத்து, ரசிகர் கூச்சலை ஏற்றிவிட வேண்டும். பதினொரு வருடத்தில் அவன் ஒரு வார்த்தையைக்கூடக் கசிய விட்டதில்லை.

கரடிக்கு இது தெரியும்; ஒலிக்காரனுக்கு அவன் வைத்த பேரே காதண்ணன். பார்க்கிறவர்களெல்லாம் திட்டித் தீர்க்கிற வில்லன் அவன். ஆனால் விழுந்ததும் பலகையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "காதண்ணே, சாப்டீங்களா? எனக்குப் பசி உயிர் போகுது" என்பான். ஒலிக்காரன் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு கூச்சலை ஏற்றுவான்.

அன்றைக்கும் விழுந்தான். அன்றைக்கும் குரல் வந்தது.

"காதண்ணே, காலு இருக்கறதே தெரியல. நிறுத்தச் சொல்லுங்க."

விளையாடுகிறான் என்று ஒலிக்காரன் நினைத்தான். நினைத்தானா? அதற்குள் விரல் தன் பழக்கத்தைச் செய்துவிட்டது. கூச்சல் ஏறியது. எதிராளி, பேசி வைத்தபடியே, கயிற்றின் மேலிருந்து கரடியின் மேல் குதித்தான். அதோடு கரடியின் உயிர் போயிற்று.

விசாரணையில், "எதுவும் கேக்கல" என்று ஒலிக்காரன் கையெழுத்துப் போட்டான்.

"நீங்கதானே காதண்ணன்?"

மிக்ஸரில் வயர்களைச் செருக உட்கார்ந்திருந்தவன் திடுக்கிட்டுத் திரும்பினான். ஒலி அறை வாசலில் கரடியின் மனைவி. கணவனுடைய பூட்ஸ்களை வாங்கிப் போக வந்திருந்தாள்.

"வீட்ல உங்க பேச்சுதான். அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுதான் எந்திரிப்பேன்னு சொல்வாரு." பூட்ஸை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அன்னிக்கு ஏதாவது சொன்னாராண்ணே?"

"இல்லம்மா."

தலையாட்டிவிட்டு நடந்தாள். காலடி ஓசை தேய்ந்தது.

மிக்ஸரில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

மேடை மைக்கின் விளக்கு. அதன் வயரோ எதிலும் செருகாமல் அவன் காலடியில் சுருண்டு கிடந்தது.

கை தானாக ஹெட்ஃபோனை மாட்டியது. யாரோ பலகையில் வாயை வைத்து மூச்சு விடுகிற ஓசை.

"காதண்ணே."

ரசிகர் கூச்சலை ஏற்றும் பொத்தானை மேலே தள்ளினான். காலி அரங்கம் ஆயிரம் வாயால் அலறியது. விரலுக்கு அடியில் பொத்தான் மெல்ல, மிக மெல்லக் கீழே இறங்கியது.

"காலு இருக்கறதே தெரியல."

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினான். வெளிவாசலில் அவளைப் பிடித்து, மூச்சு வாங்க, எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் அழவில்லை. வெகுநேரம் பூட்ஸின் கயிற்றையே நீவிக்கொண்டிருந்தாள்.

"உங்களை நம்பித்தானே கூப்பிட்டிருக்காரு" என்றாள். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அன்றே கம்பெனிக்கும் உண்மையை எழுதிக் கொடுத்தான். வேலை போயிற்று. போகட்டும், இனி அந்த மைக் அவன் பக்கம் வராது என்று இருந்தான்.

அடுத்த வாரம் முன்னறையில் அவன் மனைவி அந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அடுப்படியில், நாளெல்லாம் எதுவும் இறங்காத வயிற்றோடு, தட்டை வெறித்துக்கொண்டு நின்றான்.

"என்னங்க, டிவில சத்தமே நின்னு போச்சு. எல்லாரும் வாயத் தொறந்து கத்துறாங்க, ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

அவன் அடுப்பை அணைத்தான்.

"இருங்க, இப்ப யாரோ மெதுவாப் பேசறாங்க." அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். பிறகு அவள் குரல் இறங்கியது.

"காதண்ணே, சாப்டீங்களான்னு கேக்கறாங்க. யாருங்க அது?"