கோமதிசங்கர் அண்ணாச்சியைத் தேடி வந்தவர்

சித்ரலேகாவின் அப்பா கோமதிசங்கர் மாரடைப்பில் இறந்து இருபது நாள் ஆகியிருந்தது.

பேருந்து நிலையத்துக்கு எதிரே அவருடைய பம்புசெட் கடை. வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர். இரண்டு முறை நகராட்சி உறுப்பினர். இரங்கல் கூட்டத்தில் பலர் பேசினார்கள். ஊருக்கு நூலகம் கொண்டுவந்ததைச் சொன்னார்கள். ‘மாபெரும் தலைவர்’ என்றார்கள். வேட்டியில் கிரீஸ் கறையோடு வந்து, சித்ராவின் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்துத் தின்கிற அப்பாவைப் பற்றி யாரும் பேசவில்லை.

வீட்டிலும் பேச்சில்லை. அவர் பெயரை எடுத்தாலே அம்மா அடுக்களைக்குள் போய்விடுவாள்.

காலாண்டு விடுமுறையில் ஒரு திங்கட்கிழமை காலை, மழையில் நனைந்த குடையோடு ஒரு பெண் வாசலில் நின்றார். பெயர் ஹமீது பீவி என்றார். ஆற்றங்கரைத் தெரு.

“அண்ணாச்சி இருக்காவளா தாயி? எங்க தெரு வாய்க்கால மூடுன பலகைக்கல்லு உடைஞ்சு கிடக்கு. வந்து பாக்கேன்னு சொன்னாவ. நான் மவ பேறுகாலத்துக்குக் காயல்பட்டணம் போயிட்டு நேத்து ராத்திரிதான் வந்தேன்.”

அவருக்கு விஷயம் தெரியவில்லை. சித்ரா திரும்பிப் பார்த்தாள். அம்மா உள்ளே இருந்தாள். அப்பா இறந்ததை இதுவரை சித்ரா தன் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. மற்றவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

“அப்பா செத்துப் போயிட்டாவ, பெரியம்மா.”

ஹமீது பீவி “யா அல்லா” என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். போன வாரம் ஒரு சின்னப் பையன் அந்தக் கல்லில் தடுக்கி வாய்க்காலில் விழுந்து கை ஒடிந்ததாம். தெருக்காரர்கள் மனு கொடுத்தும் யாரும் வரவில்லையாம். “சரி தாயி, வாரேன்” என்று கிளம்பினார்.

சித்ராவுக்கு அவரை அப்படியே அனுப்ப மனம் வரவில்லை. அப்பாவோடு அவள் நகராட்சி அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். அப்பா சத்தம் போடமாட்டார். மனுவைக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் மாட்டார். குறை சொன்னவரையும் கூட்டிக்கொண்டு போய், அதிகாரி வரும்வரை வெளியே உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான். அதையே தானும் செய்யலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அம்மாவிடம் சொன்னாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “மழை பெய்யுது. பைய போயிட்டு வா” என்றாள்.

நகராட்சி அலுவலகத்தில் இருந்த எழுத்தர், சித்ராவையும் ஹமீது பீவியையும் மனுவைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொன்னார். பொறியாளர் கூட்டத்தில் இருக்கிறாராம்.

“நாங்க இங்கன உக்காந்திருக்கோம்” என்றாள் சித்ரா. அப்பா எப்போதும் உட்காரும் வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

பதினொன்றானது. பன்னிரண்டானது. எதிர்ச் சுவரில் பல்லி ஒன்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. சித்ராவுக்கு அழுகை முட்டியது. இந்த வராந்தாவில் அப்பா இல்லாமல் அவள் இருந்ததே இல்லை. பக்கத்தில் ஹமீது பீவி தூங்கிப்போனார். குறட்டை மெல்லத் தொடங்கி, வராந்தா முழுவதும் கேட்டது.

சத்தம் என்னவென்று பார்க்கப் பொறியாளரே வெளியே வந்துவிட்டார்.

சித்ரா எழுந்து நின்று, கல் உடைந்ததையும் பையன் விழுந்ததையும் தெளிவாகச் சொன்னாள். யாருடைய மகள் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்று பிற்பகலே அவர் ஆற்றங்கரைத் தெருவுக்கு வந்து அளவெடுத்தார். வியாழக்கிழமை புதுக் கல் வந்தது. சித்ரா குடை பிடித்து நின்று பார்த்தாள். பிள்ளைகள் அதன்மேல் ஓடினார்கள். அப்பா இல்லாமல் இதை யாரிடம் சொல்வது என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். திடீரென்று கை நின்றது.

“அந்தப் பெஞ்சுக்கு ஒரு கால் ஆடுமாமே. அப்பா சொல்லுவாவ.”

“இப்பவும் ஆடுதும்மா.”

அம்மா சிரித்தாள். கண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“இப்படி வந்து உக்காரு. ஒண்ணு விடாம முதல்ல இருந்து சொல்லு.”