வான் ஸ்கெல்டர் தகடு

காலை எட்டு மணிக்கு மூத்த மருமகள் பெரியவள் போட்ட கூச்சலில் தெருவே எழுந்து உட்கார்ந்தது. கூடத்துச் சுவரில் இருந்த பித்தளைத் தகட்டைக் காணோம். அதில் பொறித்திருந்த ‘வான் ஸ்கெல்டர்’ என்ற குடும்பப் பெயர் டச்சுக் கப்பல் தலைவன் ஒருவன் விட்டுப்போனது என்று, காய்கறி வாங்கும்போதுகூடச் சொல்லாமல் விடமாட்டாள். குடும்பப் பெயர்களை ஆராயும் பேராசிரியை பத்து மணிக்கு வருவதாக இருந்தது. அவர் ‘ஆமாம்’ என்றால் கப்பல் தலைவன் புத்தகத்தில் ஏறிவிடுவான்.

பக்கத்து வீட்டு ஏட்டம்மா கூப்பிடாமலே வந்தார். போலீஸ் வேலை ஓய்ந்தாலும் அவர் மூக்குக்கு இன்னும் ஓய்வு வயதாகவில்லை.

“யார் மேல சந்தேகம்?”

“அடுத்த வாசல் ஓரகத்திதான். பாகம் பிரிச்ச நாள்லேர்ந்து அவளுக்கு வயித்தெரிச்சல்.”

ஏட்டம்மா சுவரைப் பார்த்தார். தகடு உரசிய தடம் இரண்டு ஓரங்களில் மட்டும். நடுவில் ஒட்டடை. பெரியவளின் சட்டைக் கையில் செம்பழுப்பாக ஏதோ கறை.

ஓரகத்தி சின்னவள் தன் பங்குக் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

“பொறாமை இல்லேன்னு சொல்வேனா, ஏட்டம்மா? அக்காவுக்குக் கூடத்துல கௌரவம். எனக்கு இந்தத் துருப்பிடிச்ச பூதம்!”

பூதம் என்றது பழைய பாய்லரை. அந்தக் குடும்பத்துக் கொள்ளுத்தாத்தா ஒரு சலவைக்கூடத்தில் வேலை பார்த்தபோது தீ மூட்டி எரித்தது. அதன் அடியில் தரை புதிதாக வட்டமாய்க் கீறியிருந்தது.

“இதைத் திருப்பினியா?”

“தொட்டே வருஷமாச்சு.”

சுவர்ப் பக்கமாகக் கையை விட்டார் ஏட்டம்மா. பாய்லரின் வயிற்றில் நான்கு திருகாணி ஓட்டைகள்.

பத்து மணி. பேராசிரியையும் வந்துவிட்டார்; எல்லாரும் கொல்லையில் பாய்லரைச் சுற்றி நின்றார்கள்.

“தகட்டை எடுத்தது நீதான்மா” என்றார் ஏட்டம்மா, பெரியவளிடம்.

“என் வீட்டுல நானே திருடுவேனா?”

“ஓரம் மட்டும் சுவர்ல படுதுன்னா தகடு வளைஞ்சது. வளைஞ்ச தகடு எதுக்கு? உருண்டையான எது மேலயோ பொருத்தத்தான். விருந்தாளிக்காகக் கழட்டித் தேய்ச்சப்போ உனக்கு அது புரிஞ்சுபோச்சு. தகட்டை ஒளிச்சே, கொல்லை வழியா வந்து பாய்லர்ல தகடு இருந்த ஓட்டையைச் சுவர்ப் பக்கம் திருப்பினே. துரு சட்டையில இருக்கு.”

“அவ திருப்பியிருக்கக் கூடாதா?”

“அவளுக்குத் தெரிஞ்சிருந்தா ஓட்டையைத் தெருவுக்குக் காட்டி, ஊரையே கூப்பிட்டிருப்பா! பொறாமைக்காரி எங்கயாச்சும் உன் மானத்தை மூடி வைப்பாளா?”

மெத்தைக்கு அடியிலிருந்து தகடு வந்தது. பாய்லரில் அச்சாகப் பொருந்தியது.

“எந்தக் கப்பல்லயும் இந்தப் பேரு கிடைக்கலையேன்னு தவிச்சேன்” என்றார் பேராசிரியை. “இது பாய்லர் செஞ்சவங்க பேரு! அதை எரிச்சவரையும் எல்லாரும் அப்படியே கூப்பிட்டிருக்காங்க. கப்பல் தலைவனுங்க நூறு பேரு கிடைப்பாங்க. இது எனக்குக் கிடைச்சதே இல்ல. பாய்லர் யாரோடது? அவங்களைத்தான் படம் எடுக்கணும்.”

சின்னவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பாய்லர் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். “அக்கா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? நிழல் விழுது.”

பெரியவளின் முகம் சுருங்கி, சிவந்தது.

“தகடு இல்லாட்டி அது வெறும் டிரம்முதான்டி! தகடு என்னோடது!” என்று ஓரகத்தியை இடித்துத் தள்ளி, கொள்ளுத்தாத்தாவின் பாய்லரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.