வயலுக்குள் விழுந்த முதற்கோடு

வியாழன் மாலை ஆறு இருபது. மதாம் லின் வகுப்பறை விளக்கைப் போட்டார். கைப்பையைக் கீழே வைக்க மறந்து சுவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இது அவர் எழுதியது இல்லை," என்றார் பிரெஞ்சில்.

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் 田 என்ற எழுத்து வழமைபோலவே இருந்தது. ஒரு பெட்டி, அதற்குள் ஒரு சிலுவை. ஆனால் கடதாசி புதுவெள்ளை. மை கரிக்கறுப்பாக இல்லாமல் மழைமுகில் நிறத்தில் வெளிறியிருந்தது. மூலையில் இருக்கவேண்டிய சிவப்பு முத்திரையைக் காணவில்லை. மதாமின் ஆசிரியர் சாவதற்கு முன் கடைசியாக எழுதிக் கொடுத்த தாள் அது. கடையில் விற்றால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. தொலைந்தால் இன்னொன்றும் கிடைக்காது.

கோட்-டெ-நேஜ் பகுதியில் ஒரு மளிகைக்கடைக்கு மேல்மாடி மண்டபம் அது. தமிழ்ச் சங்கத்துடையது. வியாழக்கிழமைகளில் மட்டும் சீன எழுத்து வகுப்புக்கு வாடகைக்கு விடுவார்கள். சங்கச் செயலாளர் உருத்திரமூர்த்தி படியேறி வந்ததும் வழக்கை முடித்துவிட்டார்.

"போன வியாழன் பூட்டினது. இண்டைக்குத்தான் திறந்தது. திறப்பு ஒண்டே ஒண்டு, அதுவும் உம்மட்ட. வேற ஆர் தம்பி எடுக்கிறது?"

மண்டபத்தைக் கூட்டித் துடைத்துப் பூட்டுகிற டனிஸ்ரன் துடைப்பக்கட்டையைப் பிடித்தபடி நின்றான். "ஐயா, எனக்கு உந்த எழுத்தை வச்சு என்ன செய்யிறது? கறி காய்ச்சிறதோ?"

"பகிடி பிறகு விடலாம். திறப்பைத் தாரும். இனி வேலைக்கு வரத் தேவையில்லை."

டனிஸ்ரன் திறப்பை நீட்டினான். "இந்த வேலையைக் காட்டித்தான் ஐயா மனுசியை இஞ்ச கூப்பிட ஸ்பொன்சர் போட்டனான். அவள் திருகோணமலையில பெட்டி கட்டி வச்சுக்கொண்டு இருக்கிறாள்," என்றான். குரல் உயரவில்லை.

மாணவர்களில் அப்போது வந்திருந்தவர்கள் மூவர். லொங்குய்யில் காப்புறுதி அலுவலகமொன்றில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் சாருஜா. டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் புது வீடு வாங்கிய சிவமலர். துறைமுகத்தில் கொள்கலன் இறக்கும் ஜெறோம். சாருஜா அடுப்பை நிற்பாட்டியதை மூன்றுதரம் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக் கதவைப் பூட்டுகிறவள். சொல்லப்போவதை மனதுக்குள் இரண்டுதரம் சொல்லிப் பார்த்தாள்.

"மதாம், அந்தத் தாளைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?"

"போன வகுப்பின் தொடக்கத்தில். அதைக் காட்டித்தானே பாடம் நடத்தினேன்."

"முடிவில்?"

மதாம் யோசித்தார். "இல்லை. பார்க்கவில்லை."

அப்படியானால் பூட்டிய அறை என்ற கதையே ஆட்டம் கண்டது. சாருஜா போன வகுப்பை மனதில் ஓட்டிப் பார்த்தாள். வரம்பு கட்டிய நிலத்தை மேலிருந்து பார்த்து வரைந்த பழைய படம்தான் இந்த எழுத்து என்றார் மதாம். சீனாவில் அது எந்த வயலும். ஜப்பானில் தண்ணீர் நிற்கும் நெல்வயல். கொரியாவில் வறண்ட தோட்டநிலம். நெல்வயலுக்கென்று கொரியர்கள், வயலின் தலைக்குமேல் 'நீர்' என்ற எழுத்தை ஏற்றி, புதிதாக ஒன்று செய்துகொண்டார்கள்.

"அப்ப யாழ்ப்பாணத்துக்குக் கொரியாவும் மட்டக்களப்புக்கு ஜப்பானும்," என்று அன்றைக்குச் சிவமலர் சிரித்தாள். "எங்கட புது வீட்டு ஹோலுக்கு இந்தப் படம் எவ்வளவு வடிவாயிருக்கும்!"

"ஜப்பானில எங்கட தெருவில பாதிப்பேருக்குப் பேரிலயே இந்த வயல் இருக்கு. தனகா, யமடா, யொஷிடா," என்றான் ஜெறோம். நகோயாவில் மூன்று வருசம் வேலைசெய்து, அங்கேயே எழுதவும் பழகியவன்.

எழுதும்போது உள்ளே குறுக்குக்கோடு முதலில், நெடுங்கோடு அடுத்து, அடிக்கோட்டால் கதவை மூடுவது கடைசியில் என்றார் மதாம். "இந்தத் தாள் மையை உறிஞ்சும், அவசரப்படாதீர்கள். முதலில் வந்தவர் இடத்தைப் பிடித்துவிடுவார்."

சாருஜா திரும்பினாள். "அண்டைக்குத் துப்புரவு ஆரின்ர முறை?"

"என்ரயும் ஜெறோமின்ரயும். அவர் தூரிகை கழுவினார். நான் கோப்பை கழுவக் கீழ போனனான்," என்றாள் சிவமலர். "ஏன், என்னையும் சந்தேகப்படுறீரோ?"

"எல்லாரையும்தான் அக்கா. குறை நினையாதேங்கோ."

சாருஜா சட்டத்தைக் கழற்றித் தாளை விளக்குக்கு நேரே பிடித்தாள். கறுத்த மையென்றால் ஒன்றும் தெரிந்திராது. வெளிறிய மையில் கோடுகள் வெட்டுமிடம் தெளிவாகத் தெரிந்தது. குறுக்குக்கோட்டின்மேல் நெடுங்கோடு ஏறி நின்றது. அப்படியென்றால் குறுக்கு முதல், நெடுக்கு பிறகு. ஜப்பானில் பழகிய கையென்றால் நெடுக்கு முந்தும்; இது இந்த வகுப்பில் மட்டுமே பழகிய கை. அவள் கண் சிவமலரிடம் போனது.

வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். 'பிழையென்றால்?' பயிற்சித்தாள் ஒன்றை இழுத்து, தண்ணீர் கலந்த மையில் ஒரு குறுக்குக்கோடும் அதன்மேல் ஒரு நெடுங்கோடும் போட்டாள். ஊறட்டும் என்று காத்திருந்தாள். குறுக்குக்கோடு மேலே நின்றது. பின்னால் போட்ட கோடு அதன் அடியால் நுழைந்து போனதுபோலக் கிடந்தது.

முதலில் வந்தவர் இடத்தைப் பிடித்துவிடுவார்! மேலே நிற்கும் கோடுதான் முதலில் விழுந்தது; அவள் தலைகீழாக அல்லவா வாசித்திருந்தாள்?

"டனிஸ்ரன் அண்ணை, இதைப் பாத்து ஒருக்கால் எழுதுங்கோ. பிறகு மற்ற ரெண்டு பேரும்."

அவன் யன்னல் செய்கிறவன்போல நான்கு பக்கத்தையும் முதலில் அடைத்தான். பிறகு உள்ளே சிலுவை போட்டான். சிவமலர் "குறுக்கு, நெடுக்கு, கதவு" என்று முணுமுணுத்தபடி எழுதினாள். ஜெறோம் தூரிகையைத் தாளுக்குமேல் வெகுநேரம் பிடித்திருந்தான். பிறகு சிவமலர் எழுதிய அதே ஒழுங்கில், மெல்ல மெல்ல எழுதினான்.

"ஜெறோம் அண்ணை, இப்ப யோசிச்சு எழுதினீங்கள்," என்றாள் சாருஜா. "போன வியாழன் அவசரத்தில எழுதினீங்கள்."

"என்ன கதைக்கிறீர்?"

"சட்டத்துக்குள்ள இருந்ததில நெடுக்குத்தான் முதல் விழுந்திருக்கு. அடிக்கோடு நெடுக்குக்கு அடியால போகுது, அது கடைசி. டனிஸ்ரன் அண்ணை எழுதினா அடிக்கோடு முந்தியிருக்கும். சிவமலர் அக்கா எழுதினா குறுக்கு முந்தியிருக்கும். கதவைக் கடைசியா மூடத் தெரிஞ்சும் நெடுக்கை முதல் போடுறது ஜப்பான் பள்ளிக்கூடத்துப் பழக்கம்." மதாமிடம் பிரெஞ்சில் கேட்டாள்: "ஜப்பானில் அப்படித்தானே எழுதுவார்கள், மதாம்?"

மதாம் தலையசைத்தார்.

"மை வெளிறினதும் அதாலதான். கழுவின தூரிகையில ஈரம் இருந்தது. கழுவினது நீங்கள்." அவள் குரல் இறங்கியது. "நான் பிழையெண்டா இப்பவே சொல்லுங்கோ, மன்னிப்புக் கேக்கிறன்."

ஜெறோம் கதிரையில் அமர்ந்தான். "நகோயாவில என்னோட வேலைசெய்த தனகாவுக்குப் படமெடுத்து அனுப்பலாமெண்டு பாத்தன். கண்ணாடி மினுங்கிச்சுது, கழட்டினன். பக்கத்தில தேத்தண்ணிக் கோப்பை. முழங்கை பட்டிட்டுது. கறையை எடுப்பிச்சுப்போட்டுத் திருப்பி வைக்கலாம், அதுவரைக்கும் நான் எழுதினது இருக்கட்டும், மூலையில முத்திரை இல்லாததை ஆர் பாக்கப்போகினம் எண்டு நினைச்சன்."

"நான் திறப்பைக் குடுக்கேக்கையும் பாத்துக்கொண்டுதானே அண்ணை நிண்டனீங்கள்," என்றான் டனிஸ்ரன்.

ஜெறோம் எழுந்தான். காருக்குப் போய், மட்டைகளுக்கிடையில் வைத்திருந்த தாளைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் மதாமிடம் நீட்டினான்.

சிவப்பு முத்திரை பத்திரமாக இருந்தது. எழுத்திலும் ஒரு பொட்டுச் சேதமில்லை. கறை அதற்கு மேலே, தாளின் தலையில், மஞ்சளாகப் பரவிக் கிடந்தது. மதாம் தாளை எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். அவர் அழப்போகிறார் என்று சாருஜா பயந்தாள்.

"வயலுக்கு மேலே நீர்," என்றார் மதாம். "ஒரு கொரியர் பார்த்தால் இனி இது நெல்வயல் என்பார். இப்படியே மாட்டுங்கள்."

உருத்திரமூர்த்தி திறப்பை நீட்டினார். "தம்பி, குறை நினையாதேயும். இனியும் வழமைபோல..."

"மேசையில வையுங்கோ ஐயா. கையில வேலை."

டனிஸ்ரன் சட்டத்தைத் தூக்கி ஆணியில் கொழுவினான். கோணலாக இருக்கிறதா என்று பின்னே வந்து பார்த்தான். மேசையிலிருந்து திறப்பை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். பிறகு ஜெறோமின் பக்கம் திரும்பினான்.

"இனித் தேத்தண்ணியைக் கீழ வந்து குடியுங்கோ அண்ணை. இந்த வயலுக்கு இவ்வளவு தண்ணி போதும்."