ஊமைமலையில் பக்கத்துக் கூடாரம்

கால் மணி நேர அமைதி என்ன விலை? சந்தையில் போய்க் கேட்டால் சிரிப்பார்கள். இலவசமாகக் கொடுத்தாலும் அங்கே அதை வாங்க ஆள் கிடையாது. ஆனால் ஊமைமலை உச்சியில், மூடுபனிக்கு நடுவே, அன்றைக்கு அதன் விலை ஓர் ஆளின் உயிர். ஒரு பைசா குறையாது!

அந்த ஆள் நல்லசிவம். அடிவாரச் சந்தையில் மாட்டுத் தரகு பார்க்கும் குடும்பத்தின் மூத்த பிள்ளை. அந்தக் காலத்துப் பாளையக்காரர் ஒருவர் தன் மந்தையின் முதல் காளைக்குக் கட்டிய பொன்மணி, மலைக்குள் ஏதோ ஒரு குகையில் கிடக்கிறது என்று சந்தையில் ஒரு பேச்சு உண்டு. கேட்டவர்கள் டீயைக் குடித்துவிட்டு மாடு பார்க்கப் போய்விடுவார்கள். நல்லசிவம் மட்டும் பையை மாட்டிக்கொண்டு மலை ஏறினான். போனவன் திரும்பவில்லை. வனத்துறை ஆட்கள் கிழக்குச் சரிவு முழுக்கத் தேடிவிட்டு, பனி விலகட்டும் என்று அடிவாரச் சோதனைச் சாவடியில் காத்திருந்தார்கள்.

அவன் தங்கை பூங்கோதை காத்திருக்கவில்லை. "பனி விலகற வரைக்கும் அவன் உசுரு காத்திருக்குமா?" என்று கேட்டாள், கிளம்பிவிட்டாள்.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் மாமன் மகன் சேனாபதி. சந்தையின் இந்தக் கோடியில் அவன் அதட்டினால் அந்தக் கோடியில் நிற்கும் மாடு திரும்பிப் பார்க்கும்; தைரியம் அந்தக் குரலில் பாதிகூட இல்லை. இன்னொருவன் நூருல்லா. மாட்டுக்கயிறும் மணியும் விற்கும் கடைக்காரரின் மகன், நல்லசிவத்தின் கூட்டாளி. அவன் தோளில் ஒரு சுருள் கயிறு. முதுகு மூட்டையில் ஏதோ கனமாகக் கிணுங்கியது.

"ஏண்டா நூரு, ஆளைத் தேடப் போறமா, கடை போடப் போறமா? மணியை எதுக்குடா தூக்கிட்டு வர்றே?" என்றான் சேனாபதி.

"மேல மாட்டுப்பட்டி போட்டிருப்பாங்க. ஆராச்சும் ரெண்டு மணி கேட்டா இல்லைன்னு சொல்லச் சொல்றியா? எப்படியும் ஏறுற மலைதானே!"

"உன்னையத் தூக்கிட்டுப் போறப்பவும் நாலு பேருகிட்ட மணி வித்துருவடா நீ."

மதியத்துக்குள் உச்சித் திடலை அடைந்துவிட்டார்கள். கூடாரம் போட அனுமதி உள்ள இடம் அது ஒன்றுதான். நல்லசிவத்தின் கூடாரம் ஓரமாக நின்றது. உள்ளே பாய் சுருட்டியபடி இருந்தது. சட்டியில் சோறு காய்ந்து, அதன்மேல் எறும்புகளும் வந்து போய்விட்டிருந்தன. ஆள் இல்லை.

பூங்கோதை இரு கைகளையும் வாயில் குவித்து, "அண்ணா...!" என்று கூப்பிட்டாள்.

குரல் போனது. திரும்பி வரவில்லை. ஊமைமலைக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். எவ்வளவு கத்தினாலும் எதிரொலி கிடையாது. பனி அதை விழுங்கிவிடும்.

பனி விழுங்காத சத்தம் ஒன்று மட்டும் அங்கே இருந்தது. டமுக்கு டமுக்கு என்று ஒரு குத்துப் பாட்டு! கூடவே ஜெனரேட்டர் உறுமல், பெண்கள் சிரிப்பு, "டேய், இன்னொண்ணு ஊத்துடா!" என்று ஒருவன் கத்தல், ஒரு கண்ணாடி டம்ளர் உடையும் ஓசை, அதற்கு மறுபடி இருமலோடு ஒரு சிரிப்பு. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வெள்ளைப் பஞ்சுக்குள் நிற்பதுபோல் இருந்தது. எல்லாப் பக்கமிருந்தும் அந்தச் சிரிப்பு வந்தது.

"இந்தக் கூத்துக்கு நடுவால அவன் கூப்பிட்டாலும் நமக்குக் கேக்காது," என்றாள் பூங்கோதை. "வாங்க, போய்ப் பேசலாம்."

தட்டுத் தடுமாறி நடந்தார்கள். பனிக்குள் மஞ்சளாக விளக்குகள் தெரிந்தன. பெரிய பெரிய கூடாரங்கள். வாசலில் வரிசையாகச் செருப்புகள். ஒரே ஓர் ஆள் எதிரே வந்து வழிமறித்தான். தலைப்பாகைக்குக் கீழே சிரிப்பு இருந்தது; கண்ணில் இல்லை.

"அண்ணே, எங்கண்ணன் இந்த மலையில காணாமப் போயிட்டானுங்க. கூப்பிட்டுப் பாக்கோணும். ஒரு அரை மணி நேரம் பாட்டை நிறுத்துங்க," என்றாள் பூங்கோதை. கால் மணிக்கு இறங்கி வரலாம் என்பது அவள் கணக்கு. தரகர் வீட்டுப் பெண் வேறு எப்படிக் கேட்பாள்?

"நிறுத்த முடியாதும்மா. பொறந்தநாள் விழா. நீங்க பேசாம கீழ போயிடுங்க. ஜீப் தர்றேன். டீசல் நான் போட்டுத் தர்றேன். கோழி வறுத்தது இருக்கு, அதையும் எடுத்துக்கங்க. போங்க, போங்க!"

சேனாபதிக்கு வாயில் எச்சில் ஊறியது. "அம்மிணி, நல்ல மனுசனாட்ட..."

பூங்கோதை அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பினாள். பனி மறைக்கும் தூரம் வந்ததும் நின்றாள்.

"சந்தைக்கு ஒருத்தன் மாடு புடிச்சுட்டு வர்றான். நீ கேட்ட வெலைக்கே சரிங்கறான். மேல கன்னுக்குட்டியும் சும்மா தர்றேங்கறான். என்ன பண்ணுவே?"

"போலீசுக்குப் போன் பண்ணுவேன். திருட்டு மாடு," என்றான் சேனாபதி சட்டென்று. பிறகு அவன் முகம் மாறியது.

"நான் அரை மணிக்குப் பாட்டை நிறுத்தத்தான் கேட்டேன். அவன் ஜீப்பே தர்றான். ஏன்?"

நூருல்லா விரலை உயர்த்தினான். "சித்தெ இருங்க. கேளுங்க."

பனிக்குள்ளிருந்து பெண்கள் சிரித்தார்கள். "டேய், இன்னொண்ணு ஊத்துடா!" டம்ளர் உடைந்தது. சிரிப்பு.

"அதே டம்ளர்," என்றான் நூருல்லா. அவன் குரல் இறங்கியிருந்தது. "வந்ததுல இருந்து அதே டம்ளர்தான் ஒடையுது."

மறுபடி பாட்டு முடிந்தது. மறுபடி சிரிப்பு, அதே இருமலோடு, அதே இடத்தில்.

பின்பக்கமாக ஊர்ந்து போனார்கள். தலைப்பாகைக்காரன் ஒரு பெரிய டீத் தூக்கை எடுத்துக்கொண்டு பாறைகளுக்கு நடுவே இறங்கி மறைவதைப் பார்த்தார்கள். பூங்கோதை கூடாரத் துணியை விலக்கினாள்.

உள்ளே வட்டமாக நாற்காலிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு காகிதத் தட்டு, தட்டில் பிரியாணி, பிரியாணி மேல் பூஞ்சை. ஒருவரும் இல்லை. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி நின்றுகொண்டு, அவர்கள் முகத்துக்கு நேராகக் கலகலவென்று சிரித்தது.

"பேய்!" என்று சேனாபதி தொடங்கினான். நூருல்லா அவன் வாயைப் பொத்தினான்.

"பேய்க்கு எதுக்குடா டீசல்?" என்று அவன் காதில் சொல்லிவிட்டு, கயிறு அறுக்கும் கத்தியை எடுத்து ஜெனரேட்டரிடம் போனான். பொத்தானைத் தட்டி நிறுத்தினான். மறுபடி யாரும் லேசில் ஓட்டக்கூடாது என்று ஒயரையும் அறுத்துவிட்டான்.

விழுந்தது அமைதி!

அது எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் தெரிந்தது. சேனாபதி காதைப் பொத்திக்கொண்டான். புல்லில் பனி சொட்டுவது கேட்டது. பிறகு காலுக்கு அடியில், மலையின் வயிற்றுக்குள்ளிருந்து, ணங்... ணங்... என்று உளியும் சம்மட்டியும்.

"பாறையை ஒடைக்கறாங்க," என்றாள் பூங்கோதை மெதுவாக. "புதையல் திருடுறவனுங்க. வெளிய இருந்து பார்த்தாக் குடிகாரக் கும்பலு. ரோந்துக்காரரு வந்தாலும் அபராதம் போட்டுட்டுப் போயிருவாரு. உளிச் சத்தம் ஆருக்குக் கேக்கும்?"

அந்தச் சத்தமும் சட்டென்று நின்றது. பாட்டு நின்றது கீழேயும் தெரிந்துவிட்டது!

அப்போது மூன்றாவதாக ஓர் ஓசை. மேற்குப் பக்கம். டொக். மணியின் நாதம் இல்லை. கல்லின் ஓசையும் இல்லை. டொக். டொக்.

ஓடினார்கள். லாந்தானாப் புதருக்குப் பின்னால், பாறையின் அடியில் ஒரு வெடிப்பு. பூனைகூட நுழைய முடியாத அகலம். அதற்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்திருந்தது. சேறு பூசி, நகம் பிய்ந்து, வேர்போல் வெளுத்த கை. பனியைத் துழாவிக்கொண்டிருந்தது.

"அம்மிணி, தொடாதே!" என்று சேனாபதி பின்வாங்கினான். "அது ஆருதுன்னு தெரியாது!"

"அண்ணா! நீயா? பேசு!"

வெடிப்புக்குள்ளிருந்து காற்று உரசுவதுபோல் ஒரு கரகரப்பு வந்தது. குரல் இல்லை. அவனாக இருக்கலாம். திருட்டுக் கூட்டத்தில் ஒருவனாகவும் இருக்கலாம். கையைக் கொடுத்தால் பிடித்துக்கொண்டு விடாமல் போகலாம்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இருவர் கையின் மேலும் ஒரு துண்டு விழும். உள்ளே விரல்கள் பேசும். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அத்தனை. விலை கட்டாது என்றால் கட்டைவிரலை மடக்குவது பூங்கோதை வீட்டு வழக்கம். அவளும் அண்ணனும் சின்ன வயதில் முறுக்குக்குக்கூட அப்படித்தான் அடித்துக்கொள்வார்கள்.

துப்பட்டாவை உருவி அந்தக் கையின் மேல் போட்டாள். தன் கையை உள்ளே நுழைத்தாள். பனிக்கட்டி போலிருந்த விரல்கள் அவள் விரல்களைச் சுற்றின.

"மேல வாரதுக்குக் கயிறு எத்தனை மொழம்?" என்று வெடிப்பில் வாய் வைத்துக் கேட்டுவிட்டு, ஐந்து விரலையும் சேர்த்து இரண்டு முறை அழுத்தினாள். பத்து.

அந்தக் கை யோசித்தது. கட்டைவிரல் மெல்ல மடங்கியது. கட்டாது! பிறகு ஐந்து விரலை ஒருமுறை, மூன்று விரலை ஒருமுறை அழுத்தியது. எட்டு.

பூங்கோதைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "குழிக்குள்ள கெடந்துட்டுப் பேரம் பேசறான் பாரு! எங்கண்ணன்தான்! வேற எவனுக்கு வரும் இந்தப் புத்தி!"

அதற்குள் பனிக்குப் பின்னால் குரல்கள். கடப்பாரை பாறையில் உரசும் சத்தம். "எவனோ வந்திருக்கான்! ஒயரை அறுத்திருக்கான்! தேடுங்கடா!"

நாலைந்து பேராவது இருப்பார்கள். இவர்களிடம் ஒரு கத்தியும் ஒரு கயிறும்தான். பூங்கோதையின் பார்வை நூருல்லாவின் மூட்டையில் போய் நின்றது.

"நூரு, வனத்துறைக் கும்கி யானைக்கு மணி கட்டுவாங்கதானே?"

நூருல்லாவுக்குப் பற்களெல்லாம் தெரிந்தன. "எங்க கடை மணி அதைவிட நல்லாவே கேக்கும்!"

"கயித்துல பத்து மொழம் எனக்கு விட்டுட்டு மிச்சத்தை அறுத்துக்கோ."

"எட்டுதான்னு அவனே..."

"அவன் எப்பவும் கொறைச்சுத்தான் சொல்லுவான். பத்து!"

நூருல்லா மிச்சக் கயிற்றில் மணிகளைக் கோத்து ஒரு முனையைச் சேனாபதியின் இடுப்பில் கட்டினான், மறுமுனையைத் தன் இடுப்பில். "வாயத் தொற, மாப்பிள்ளை. உங்கப்பன் உனக்குக் கொடுத்த சொத்து அது ஒண்ணுதான்."

டணாங்! டணாங்! வெள்ளைப் பனிக்குள், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பெரிய உருவம் அசைந்து அசைந்து நடப்பதுபோல் மணிகள் ஒலித்தன. புதர்கள் முறிந்தன. சேனாபதி நடுங்கிக்கொண்டேதான் கத்தினான். ஆனால் என்ன குரல் அது!

"பெரிய யானையைக் கெழக்கால விடு! குட்டியானை மேக்கால போகட்டும்! கூடாரத்தை மிதிக்கச் சொல்லு! ரேஞ்சரய்யா, நீங்க தள்ளி நில்லுங்க!"

கடப்பாரைகள் விழுந்தன. "ஓடுங்கடா!" என்று ஒருவன் அலறினான். ஜீப் உறுமியது, சறுக்கியது, சத்தம் மலைப்பாதையில் இறங்கித் தேய்ந்தது. கீழே சாவடியில் வனத்துறை ஆட்கள் பனி விலகக் காத்திருந்தார்கள் அல்லவா? விலகியதோ இல்லையோ, ஜீப் வந்து சேர்ந்தது.

நல்லசிவம் விழுந்த குழியின் வாய் புதருக்கு அந்தப் பக்கம், பாறையின் மேலே இருந்தது. கயிற்றை இறக்கினார்கள். அவன் அதைத் தன் இடுப்பைச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போட்டபோது மேலே பிடிப்பதற்கு மட்டுமே மிச்சம் இருந்தது. எட்டு முழமாக இருந்திருந்தால் நுனியை அவனால் தொடத்தான் முடிந்திருக்கும், கட்டியிருக்க முடியாது. மூன்று பேரும் சேர்ந்து இழுத்தார்கள். முகம் வற்றி, ஒரு கால் வீங்கி, பாறையில் கசிந்த தண்ணீரை நக்கியே உயிரோடு இருந்தவன் புல்லில் வந்து விழுந்தான். கத்திக் கத்தித் தொண்டை செத்துப்போயிருந்தது.

அவன் மார்போடு அணைத்திருந்ததை நூருல்லா வாங்கிப் பார்த்தான். குழிக்கு அடியில் கிடைத்த மணி. பொன் இல்லை, வெண்கலம். அதிலும் உள்ளே நாக்கு இல்லை. அதைக் கல்லால் தட்டித்தான் அவன் கூப்பிட்டிருக்கிறான். குகையைக் குடைந்தவர்கள் தேடியது இதைத்தான்.

நூருல்லா அதைக் கையில் தூக்கி எடை பார்த்தான். ஒரு வியாபாரி முகத்தோடு உதட்டைப் பிதுக்கினான். "நாக்கில்லாத மணி. சந்தையில ஒருத்தனும் வாங்க மாட்டான்."

மணி சர்க்கார் வசம் போனது. நல்லசிவத்தை வீட்டில் கட்டிலில் படுக்கவைத்து, காலுக்குக் கட்டுப் போட்டார்கள். அவன் தொண்டை திறந்த அன்று முதலில் சொன்னது இதுதான்: "நான் கூப்பிட்டேன் அம்மிணி. உன் குரல்கூட ஒருவாட்டி கேட்டுது. அதுக்குள்ள அந்த டம்ளர் ஒடைஞ்சிருச்சு." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. பக்கத்துக் கூடாரத்துச் சத்தம் தூக்கத்தைத்தான் கெடுக்கும் என்று அதுவரை நினைத்திருந்த சேனாபதி, எழுந்து போய் அடுத்த அறையில் ஓடிக்கொண்டிருந்த டிவியை நிறுத்திவிட்டு வந்தான்.

"ஆனா ஒண்ணு," என்றான் நல்லசிவம். "ஆழம் சரியா எட்டுதான். நான் அளந்தேன்."

"குழியை அளந்தே. உன்னையக் கட்டுறதுக்குக் கயிறு ஆரு குடுப்பா? இடுப்பைச் சுத்த ரெண்டு மொழம். உன் கணக்குல உன்னையே விட்டுட்டியே அண்ணா."

பூங்கோதை துண்டை எடுத்து அவன் கையின் மேல் போட்டாள். உள்ளே அவனுடைய இரண்டு விரல்களைப் பிடித்தாள். கேட்டது எட்டு. கொடுத்தது பத்து. பாக்கி இரண்டு.

அவன் கட்டைவிரல் மெல்ல மடங்கியது. கட்டாது.

அவள் கையை எடுக்கவில்லை, அவனும் விடவில்லை. அந்த இரண்டு முழம் இன்றைக்கும் பாக்கிதான்.