ஜாயின்ட்டில் இல்லாத கசிவு

பழைய இன்ஜின் என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும், அதற்கும் வியர்க்காதா, துடைத்துவிட்டு ஓட்டுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும் மெக்கானிக்குக்கு, தங்கையின் புருஷன் கொண்டுவந்து நிறுத்திய வண்டியைத் தொட்டதும் அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. ஓடி வந்த வண்டி, இன்ஜின் கொதித்தது. கசிந்திருந்த ஆயில் மட்டும் ஜில்லென்று இருந்தது.

"தங்கச்சி ஏன் போனே எடுக்க மாட்டேங்குது மாப்ள?"

"சிநேகிதி வீட்டுக்குப் போயிருக்கா மச்சான். அங்க டவர் இல்ல. நீங்க வண்டியப் பாருங்க."

எந்தச் சிநேகிதி? தும்மினால்கூட அண்ணனுக்குப் போன் போடுகிறவள் அவள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறானே படுபாவி. கேட்டால் உஷாராகிவிடுவான். மெக்கானிக் வேலையைப் பார்த்தான்.

தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்த அந்த மதியத்தில், குண்டு பல்பின் அடியில், பெட்ரோலும் ஈரச் சாக்கும் கலந்து நாறிய பட்டறைக்குள், இன்ஜினைத் துடைத்துக் காயவைத்து, மேல்மூடி சேரும் ஜாயின்ட்டிலிருந்து அடிவரை முகப்பவுடரைத் தூவினான். கசிவு பிறக்கும் இடத்தில்தான் பவுடர் முதலில் கறுக்கும். ஸ்டார்ட் செய்துவிட்டுக் குந்தினான்.

ஜாயின்ட் காய்ந்தே கிடந்தது. கறுத்தது அதற்கும் கீழே, மூடியோ போல்ட்டோ இல்லாத வெறும் உலோகத்தில். ஒரு பொட்டு. பக்கத்தில் இன்னொன்று. துடைத்தான். தூவினான். மறுபடி வந்தது. நான்கு பொட்டு, விரல்கள் பதிந்த மாதிரி. தள்ளி ஒரு கட்டைவிரல்.

மோதிரவிரல் மட்டும் குட்டை. சின்ன வயதில் சைக்கிள் செயினில் தங்கை நுனியைப் பறிகொடுத்த விரல்.

ஐயோ, என் கண்ணு, உன்னை என்னம்மா பண்ணினான்?

இன்ஜினை அணைத்தான். பின்னால் ஷட்டர் கடகடவென்று இறங்கியது.

"கசிவு எங்கேன்னு தெரிஞ்சுபோச்சா மச்சான்?"

மாப்பிள்ளையின் கையில் பெரிய ஸ்பேனர். சிரித்தான். கிட்டே வந்தான்.

அவன் வெள்ளைக் காலரில் ஒரு கறுப்புப் பொட்டு ஊறியது. இன்னொன்று. அவனுக்கு உறைக்கவில்லை.

திரும்பிப் பாருங்க மாப்ள என்று மெக்கானிக்குக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. மாப்பிள்ளையின் பின்கழுத்திலிருந்து இரண்டு பக்கமும், ஒவ்வொரு விரலாக, ஆயில் சொட்டச் சொட்ட, அவை தொண்டையைச் சுற்றி வளைந்துகொண்டிருந்தன.